பதின்மூன்று எலும்பில் மூன்று மீட்டர் கழுத்து

வீட்டுத் திண்ணையை அடைத்து, தெருப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு வாசிப்பு அறை நடத்திவருகிறேன். அந்த அறையின் நீளச் சுவர் நாலரை மீட்டர். கோடை விடுமுறைக்குள் அதில் டனிஸ்ட்ரோஃபியஸ் என்ற தொல்கால ஊர்வனவின் கழுத்தை உயிரளவில் செய்து மாட்டிவிட வேண்டும் என்று இறங்கினேன். முழு விலங்கு என்றால் ஐந்து, ஆறு மீட்டர் வரும். எங்கள் திண்ணை கொள்ளாது. கழுத்து மட்டும் ஏறத்தாழ அதில் பாதி. உடம்பைவிட மூன்று மடங்கு நீளமான கழுத்து. அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, காட்டத்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இந்த ஊர்வன சுமார் 24 கோடி ஆண்டுகளுக்கு முன், டிரயாசிக் காலத்தின் நடுப்பகுதியில், கடலோர ஆழமற்ற நீரில் வாழ்ந்தது. மிகச் சிறந்த எலும்புக்கூடுகள் சுவிட்சர்லாந்தும் இத்தாலியும் சந்திக்கும் மாண்டே சான் ஜியார்ஜியோ மலையில் கிடைத்தன. அவற்றில் பல இப்போது ஸூரிக் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஸூரிக் எலும்புக்கூடு ஒன்றின் வரைபடத்தை அளவுகோலால் அளந்து, விகிதம் எடுத்து, கழுத்து மொத்தம் 3 மீட்டர் வருமாறு பெருக்கிக்கொண்டேன். பதின்மூன்று துண்டுகள். தலைக்கு அடுத்தது 3 செ.மீ.; பிறகு 14, 20, 23 என்று வளர்ந்துகொண்டே போய் ஒன்பதாவதும் பத்தாவதும் 34 செ.மீ.; கடைசி இரண்டும் மறுபடி குட்டை.

எலும்புகளின் எண்ணிக்கையைத் தாளில் எழுதி வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்தில் ஏழு எலும்புதான், மனிதனுக்கும் ஏழு. பாலூட்டிகள் அந்த ஏழை அநேகமாக மீறுவதில்லை. ஊர்வனவற்றுக்கு அந்தக் கட்டு இல்லை. கனடாவின் ஆல்பர்ட்டாவில் கிடைத்த ஆல்பர்டோநெக்டெஸ் என்ற கடல் ஊர்வனவுக்குக் கழுத்தில் மட்டும் 76 முள்ளெலும்புகள், 7 மீட்டர் நீளம். சீனாவின் குய்ஜோ பகுதியில் கிடைத்த டைனோசெஃபலோசாரஸுக்கு 32. இது டனிஸ்ட்ரோஃபியஸின் உறவுக் கூட்டத்தைச் சேர்ந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் வாழ்ந்தது. ஆனாலும் தன் கழுத்தை வேறு வழியில் நீட்டிக்கொண்டது. கழுத்து நீள வேண்டுமென்றால் எலும்புகளைக் கூட்டலாம், இருக்கும் எலும்புகளை இழுக்கலாம். டனிஸ்ட்ரோஃபியஸ் இரண்டாவதைத்தான் பெரிதும் நம்பியது. கூட்டுவதைவிட இழுப்பது செய்வதற்கு எளிது, மூட்டுகள் குறைவு, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஏழு வாரம் ஆயிற்று.

முதல் வேலை சட்டம். முக்கால் அங்குல பிவிசி குழாயை ஹாக்சா பிளேடால் அறுத்துப் பன்னிரண்டு துண்டுகளாக்கினேன். பதின்மூன்றாவதான அந்த 3 செ.மீ. எலும்புக்கு ஒரு மரக் கட்டை. அறுத்த முனைகளை உப்புத்தாள் கொண்டு தேய்த்தேன். மூட்டுக்குப் பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி இரு குழாய் முனைகளுக்கும் உறை போட்டேன். எல்லாவற்றின் உள்ளேயும் ஒரே நைலான் கயிறு. கயிற்றை அடியில் இழுத்துக் கட்டினால் கழுத்து நிமிர்ந்து நிற்கும், தளர்த்தினால் வளையும் என்பது என் எண்ணம். அன்னத்தின் கழுத்தைப் போல் அழகாக மேலெழும்பி, நுனியில் குனிந்து பார்க்கும் ஒரு வளைவைச் சுவரில் கரியால் வரைந்தும் வைத்திருந்தேன்.

அடிப்பகுதியைப் பலகையில் கவ்வ வைத்து முதல்முறை தூக்கினேன். கழுத்து நடுவில் தொய்ந்து தலை தரையைத் தொட்டது. கயிற்றை இன்னும் இழுத்தேன். பக்கவாட்டில் பாம்பைப் போல நெளிந்துகொண்டது. முறுக்கி முறுக்கி இழுத்ததில் ஆறாவது மூட்டின் ரப்பர் கிழிந்தது. இரண்டு நாள் இதே போராட்டம். தலையாக நுனியில் கட்டியிருந்தது 200 கிராம் எடைதான். ஆனால் மூன்று மீட்டர் தள்ளித் தொங்கும் 200 கிராம், அடிமூட்டை இழுக்கும் விதத்தில் 30 செ.மீ. தொலைவில் தொங்கும் இரண்டு கிலோவுக்குச் சமம். நீளக் கழுத்துக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஏன் தலை சிறுத்துப்போனது என்பதை என் மணிக்கட்டு அப்போது புரிந்துகொண்டது.

அப்பா திண்ணை ஓரத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் தச்சு வேலை செய்தவர். மூன்றாம் நாள் எழுந்து வந்து, "ஏம்மா, தொரட்டியை ஒட்டுப்போடுவது பார்த்ததில்லையா? ஒட்டு வருகிற இடத்தில் பக்கத்தில் இன்னொரு கழி ஓட வேண்டும். கயிறு தாங்காது, கழிதான் தாங்கும்" என்றார்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. அவர் சொன்ன பக்கத்துக் கழி அந்த விலங்கிடமே இருந்தது! நான்தான் அதைப் படத்தில் பார்த்தும், அலங்காரம் என்று ஒதுக்கிவைத்திருந்தேன். டனிஸ்ட்ரோஃபியஸின் கழுத்து முள்ளெலும்பு ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய விலா எலும்பு கிளம்பிப் பின்னோக்கிப் போகிறது. சாதாரண விலா எலும்பைப் போல் பக்கவாட்டில் விரிவதில்லை. கழுத்தோடு ஒட்டி, அடுத்தடுத்த மூட்டுகளைத் தாண்டி, ஈர்க்குக் கட்டைப் போல ஒன்றோடொன்று இணையாக ஓடுகிறது. வரைபடத்தில் இந்தக் கோடுகள் கழுத்தின் அடியில் அடர்த்தியாகத் தெரியும். அடர்த்தி என்பதாலேயே நான் விட்டுவிட்டேன்.

மூங்கிலைச் சீவித் தப்பைகளாக்கினோம். சிறு விரலின் பாதித் தடிமன், நீளம் 40 முதல் 90 செ.மீ. வரை. ஒவ்வொரு குழாயின் முன் முனையிலும் அடிப்பக்கமாக இரண்டு தப்பைகளைச் சணலால் கட்டி, பின்னால் இரண்டு மூட்டுகளையாவது தாண்டி ஓடவிட்டோம். அப்பா விடாப்பிடியாகச் சொன்ன ஒரே விதி, தப்பைகளின் முனைகள் ஒரே இடத்தில் முடியக் கூடாது என்பது. முடிந்தால் அந்த இடத்தில்தான் முறியும். முள்ளெலும்புக்கு ஒரு சோடி என்று அமைந்துவிட்டால் முனைகள் தாமாகவே தள்ளித் தள்ளி வந்துவிடுகின்றன. அந்த ஒழுங்கைப் பார்த்து அவரே கொஞ்சம் நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

மறுபடி தூக்கினோம். நுனி ஒரு சாண் தாழ்ந்தது, அவ்வளவுதான். கயிற்றைத் தளரவிட்ட பின்னும் நின்றது.

அன்னத்தின் வளைவு மட்டும் வரவில்லை. வளைத்துப் பார்த்தேன், மூன்று மீட்டருக்கும் சேர்ந்து ஒரு மெல்லிய வில்போல வளைந்ததே தவிர, எந்த ஒரு மூட்டும் தனியாக மடங்க மறுத்தது. மடக்கினால் தப்பை முறியும். சுவரில் வரைந்திருந்த கரிக்கோட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். எனக்கு அது ஒரு இழப்பாகத் தோன்றவில்லை. வேலை தொடங்கியதிலிருந்து அன்றுதான் மிகுந்த மகிழ்ச்சி. பல பழைய படங்களில் இந்த விலங்கு கழுத்தைப் பாம்பாகச் சுருட்டிக்கொண்டு நிற்கிறது. என் கையில் இருந்தது பாம்பு இல்லை, தொரட்டி. நீளம், லேசு, விறைப்பு, நுனியில் கவ்வும் ஒரு சிறு வாய்.

இந்த ஏற்பாடு டனிஸ்ட்ரோஃபியஸ் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. அதற்கு ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல் முந்திய, பெர்மியன் காலத்து ஜெர்மனியில் வாழ்ந்த புரோட்டோரோசாரஸுக்கே ஓரளவு நீண்ட கழுத்தும் நூல்போன்ற கழுத்து விலாக்களும் இருந்தன. சான் ஜியார்ஜியோ மலையிலேயே கிடைக்கும் மாக்ரோக்னீமஸ் என்ற சிறு உறவுக்காரருக்கும் கழுத்து நீளம்தான், ஆனால் அளவோடு. தாங்கும் கழிகள் முதலில் இருந்தன. அவை இருந்ததால் எலும்பை மேலும் மேலும் இழுக்க முடிந்தது என்றே நான் இப்போது நினைக்கிறேன். வெகு காலத்துக்குப் பின், தரையில் நடந்த சாரோபாட் டைனோசர்களும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தன. சீனாவின் மாமென்சிசாரஸ் சினோகனடோரம் இனத்தின் கழுத்து 15 மீட்டர் என்று 2023-இல் மதிப்பிட்டார்கள். அதன் கழுத்து விலா ஒன்று மட்டும் 4 மீட்டருக்கு மேல். அது எடையைக் குறைக்க எலும்புக்குள் காற்றை நிரப்பிக்கொண்டது. கழி கட்டும் வேலையில் மாற்றம் இல்லை.

காகிதக் கூழ் பூசுவதற்கு முன், வெறும் சட்டத்தை ஊர்க் கண்மாய்க்குத் தூக்கிப்போனேன். குழாய்களுக்குள் மணல் நிரப்பி இரு முனையையும் அடைத்தோம், இல்லாவிட்டால் மிதக்கும். முழங்கால் அளவுத் தண்ணீர். அடியை இடுப்போடு அணைத்துப் பிடித்து, பக்கவாட்டில் வீசிப் பார்த்தேன். தண்ணீர் தடுத்தது, நுனி வெகுவாகப் பின்தங்கி வந்தது, தப்பைகள் கிரீச்சிட்டன. அதையே நேராக முன்னால் நீட்டிச் செலுத்தினால் அலைகூட எழவில்லை. மெதுவாகத் திருப்பும்போது இன்னொன்று தெரிந்தது. அடியில் 10 பாகை திரும்பினால் போதும், நுனி அரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுகிறது. உடம்பு அசையாமல் இருக்க, வாய் ஊர் சுற்றுகிறது.

கரையோரம் கெண்டைக் குஞ்சுகள் கூட்டமாக நின்றன. நான் அசையாமல் நின்று நுனியை மட்டும் அவற்றின் நடுவே நகர்த்தினேன். லேசாக விலகி மறுபடி கூடின. காலை ஒரு அடி எடுத்து வைத்தேன், ஒன்றையும் காணோம். ஒரு மதியத்தில் பார்த்த இது எதற்கும் ஆதாரம் ஆகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அறிஞர்கள் சொல்வதோடு அது ஒட்டிப்போகிறது. 2020-இல் ஸ்டெஃபான் ஸ்பீக்மனும் உடன் ஆய்வாளர்களும், நசுங்கிக் கிடந்த ஒரு மண்டையோட்டைப் பிரான்சின் கிரெனோபிளில் உள்ள சிங்க்ரோட்ரான் என்ற கருவியின் மிகச் செறிவான எக்ஸ்-கதிர்களால் படமெடுத்து, கணினியில் துண்டு துண்டாக மறுபடி சேர்த்தார்கள். மூக்குத் துளைகள் முதலைக்கு இருப்பதுபோல் முகத்தின் மேற்புறம். முன்பற்கள் வளைந்த ஊசிகள், ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும். கைகால்களோ துடுப்பாக மாறவில்லை. விரட்டிப் பிடிக்கும் நீச்சல்காரருக்கு உரிய உடம்பு இல்லை. கலங்கிய நீரில் படுத்துக் காத்திருந்து, உடம்பைக் காட்டாமல் வாயை மட்டும் இரையிடம் அனுப்பிய விலங்கு என்று அவர்கள் எண்ணுகிறார்கள். அந்த இனத்துக்குத்தான் டனிஸ்ட்ரோஃபியஸ் ஹைட்ராய்டெஸ் என்று பெயர் வைத்தார்கள். அதே மலையில் கிடைக்கும் ஒன்றரை மீட்டர் அளவுச் சிறியவற்றை அதுவரை பலர் குட்டிகள் என்று கருதியிருந்தார்கள். எலும்பை வெட்டி வளர்ச்சி வளையங்களைப் பார்த்தபோது அவை முழுதாக வளர்ந்த வேறோர் இனம் என்று தெரிந்தது. பல்லும் வேறு, மூன்று முனைப் பல். ஒரே நீரில் இருவரும் வேறு வேறு இரையைத் தின்றிருக்கிறார்கள்.

அடுத்தது கூழ் வேலை. இதைச் செய்யப்போகிறவர்களுக்காக விவரமாகவே சொல்கிறேன். செய்தித்தாளைக் கிழித்து இரண்டு நாள் ஊறவைத்து, பழைய ஆட்டுக்கல்லில் அரைத்து, துணியில் பிழிந்தேன். மரவள்ளிக்கிழங்கு மாவைக் காய்ச்சிய பசை, சுண்ணாம்புத் தூள், கடைசியாகச் சிறிது மயில்துத்தம். கொலு பொம்மை செய்யும் ஒருவர் சொன்ன பக்குவம் இது. மயில்துத்தம் சேர்த்தால் பூச்சியும் பூஞ்சையும் அண்டாது. ஆனால் அது விஷம், கையுறை போடாமல் தொடக் கூடாது, பிள்ளைகளை அந்தப் பக்கமே விடவில்லை. முதல் நான்கு எலும்புகளை அவசரத்தில் மொட்டை மாடி வெயிலில் காயவைத்தேன். சாயங்காலம் பார்த்தால் நான்கிலும் நெடுக வெடிப்பு. உரித்துப்போட்டு மறுபடி பூசி, நிழலில் மூன்று நாள் வைத்தேன், வெடிக்கவில்லை. முழுதும் பூசியபோது எடை 5.8 கிலோ ஆகிவிட்டது. நடுத்தண்டில் தேய்த்துத் தேய்த்து மெலிதாக்கி, மணலையும் கொட்டிவிட்டு, 3.9 கிலோவுக்குக் கொண்டுவந்தேன். தேய்க்கும்போதுதான் உருவம் சரியாக வந்தது. நிஜ எலும்பும் இரு முனையில் அகன்று, நடுவில் ஒடுங்கி, மேலே இருக்க வேண்டிய முள் வெறும் தாழ்ந்த வரம்பாகத் தேய்ந்து போனதுதான்.

காய்ந்த எலும்புகளைத் திண்ணையில் வரிசையாக அடுக்கியிருந்தபோது, எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் வந்து பத்தாவது எலும்பைக் கையில் எடுத்தாள். "அக்கா, இது எந்த மிருகத்தின் கால்?" என்றாள்.

அவளை உட்காரவைத்துக் கதை சொன்னேன். ஜெர்மனியில் இந்த எலும்புகள் தனித்தனியாகக் கிடைத்தபோது, 1830-களில் மியூன்ஸ்டர் பிரபு அவளைப் போலவே கால் எலும்பு என்றுதான் நினைத்தார். 1852-இல் டனிஸ்ட்ரோஃபியஸ் என்ற பெயரை வைத்த ஹெர்மன் ஃபொன் மேயர் முள்ளெலும்பு என்பதைச் சரியாகக் கண்டுகொண்டார். ஆனால் வால் என்று எண்ணினார். இத்தாலியின் பேசானோவில் ஒரு சிறு எலும்புக்கூடு கிடைத்தது. 1886-இல் அதை ஆராய்ந்த பிரான்செஸ்கோ பஸ்ஸானி, இந்த நீள எலும்புகளைப் பறக்கும் ஊர்வனவின் சிறகைத் தாங்கும் விரல் என்று வாசித்தார். கால், வால், சிறகு. கடைசியில் ஸூரிக்கிலிருந்து வந்த பெர்ன்ஹார்ட் பையர் குழுவினர் 1929-இல் மலையைத் தோண்டி, தலையும் உடம்பும் சேர்ந்தே இருக்கும் எலும்புக்கூட்டை எடுத்த பிறகுதான் கழுத்து என்பது நிலைபெற்றது. நூறு வருடம் கெட்டிக்காரர்கள் பார்த்தும் தப்பியது ஏன் என்று அவள் கேட்டாள். எலும்பைக் கையில் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். இவ்வளவு நீளமான ஒன்று கழுத்தில் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

மூங்கிலை மறுபடி கட்டி, பழுப்பும் சாம்பலுமாகக் கரும்பாறை நிறம் தீட்டி, மாடியில் வைத்துக் கோத்தோம். முழுதாகக் கோத்த பிறகு இறக்கியிருக்கக் கூடாது. அதுதான் நான் செய்த பெரிய பிழை. மாடிப்படி திரும்பும் இடத்தில் அப்பா முன்னால், நான் பின்னால். நடுக்கழுத்து கைப்பிடிச் சுவரின் முனையில் இடித்தது. ஓர் ஓசைதான் கேட்டது. எட்டாவது எலும்பும் ஒன்பதாவதும் உடைந்து, அவற்றைச் சுற்றி ஓடிய தப்பைகள் எல்லாம் ஒரே நேரத்தில் சிம்பு சிம்பாகக் கிழிந்துவிட்டன. விறைப்பாக இருந்ததால் வளைந்து தப்பிக்க அதற்கு வழியில்லை.

படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அப்புறம்தான் ஸூரிக்கில் இருக்கும் இரண்டு எலும்புக்கூடுகளின் நினைவு வந்தது. ஒன்று பெரிய இனம், ஒன்று சிறிய இனம். இரண்டிலும் தலையும் முன்கழுத்தும் கோர்வை கலையாமல் இருக்கின்றன; கழுத்து நடுவில் அறுந்து நிற்கிறது; உடம்பைக் காணோம். ஸ்பீக்மனும் யூடால்ட் முஜாலும் 2023-இல் அந்த முறிவுகளை உற்றுப் பார்த்து, எலும்பு பசுமையாக இருக்கும்போதே முறிந்தது என்றும், ஏதோ பெரிய வேட்டை விலங்கு கடித்துத் துண்டித்திருக்கிறது என்றும் சொன்னார்கள். பெரியதில் பல் பதிந்த தடமே இருக்கிறது. அதிகம் சதை இல்லாத தலையையும் கழுத்தையும் விட்டுவிட்டு உடம்பைத் தின்றிருக்கிறது. இந்த நீளத்துக்கு அந்த விலங்கு கொடுத்த விலை அது. ஆனாலும் டனிஸ்ட்ரோஃபியஸின் எச்சங்கள் ஐரோப்பாவிலும் சீனாவிலும் கிடைக்கின்றன, குறைந்தது ஒரு கோடி ஆண்டுகள் நிலைத்திருக்கிறது. கடல் ஊர்வனவற்றில் நீண்ட கழுத்து ஒரு தடவை தோன்றி மறையவில்லை; பிளீசியோசர்கள் அதைத் தனியாக வளர்த்தெடுத்து, டைனோசர்கள் முடியும் காலம் வரை கொண்டுபோயின. விலை அதிகம்தான், ஆனால் வாங்கியது அதைவிடப் பயன்பட்டிருக்கிறது.

பழுதுபார்க்க ஒன்பது நாள். இரண்டு எலும்புகளைப் புதிதாகச் செய்தேன். தப்பைகளை இம்முறை கொஞ்சம் மெலிதாகவும் எண்ணிக்கையில் அதிகமாகவும் போட்டோம். சோடிக்குப் பதில் நான்கு. விறைப்பு குறையவில்லை, திடீரென முறியும் குணம் குறைந்தது. மூன்று பாகமாகப் பிரித்துக் கீழே கொண்டுவந்து, சுவர் அருகிலேயே கோத்தோம். ஐந்து இடங்களில் ஆணி, செம்புக் கம்பிச் சுருக்கு. மொத்தச் செலவு 1,840 ரூபாய். அதில் பாதி குழாய்க்கும் வண்ணத்துக்கும். மூங்கில் பக்கத்துத் தோட்டத்தில் சும்மா கிடைத்தது.

சுவரில் கழுத்து நேராக, நுனியில் மட்டும் சற்றே தாழ்ந்து நீண்டிருக்கிறது. உடைந்த எட்டாவது எலும்பை நான் எறியவில்லை. கிழிந்த மூங்கில் சிம்புகளோடு அப்படியே கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். வருகிற பிள்ளைகள் முதலில் சுவரைப் பார்த்துப் பதின்மூன்று வரை எண்ணுகிறார்கள். பிறகு குனிந்து, அந்த முறிவுக்குள் விரலை விட்டுப் பார்க்கிறார்கள்.